சான்றிதழுக்குப் பின் வரும் துணிவு

தலைநகர்த் தில்லியில் வாழ்வோருக்கு ஓர் ஆண்டு என்பது இரு கூறுகளாகவே தோன்றும். அறையைக் குளிர்விக்க வேண்டிய காலம் ஒன்று. நீரையும் அறையையும் சூடேற்ற வேண்டிய காலம் மற்றொன்று. 2024ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் தில்லியின் மின்தேவை 8,656 மெகாவாட் என்னும், அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அதே நகரில் 2019ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான பகல்நேர உச்ச வெப்பநிலையே 9.4 டிகிரி செல்சியஸ்தான். கோடையில் குளிரூட்டி நின்றுபோனாலும், மார்கழிக் குளிரில் கீசர் நின்றுபோனாலும் நாம் தேடுவது பெரும்பாலும் ஒரே மனிதரைத்தான். ஆறு மாதம் அவர் ஏ.சி. மெக்கானிக், எஞ்சிய மாதங்களில் கீசர் மெக்கானிக். வெப்பத்தை ஓரிடத்திலிருந்து அகற்றுவதும் ஓரிடத்தில் சேர்ப்பதுமே அவருடைய தொழில்.

அம்மனிதரைப் பற்றியதே இக்கட்டுரை. குறிப்பாக, பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்று, முதன்முறையாகத் தனியே ஒரு வீட்டின் அழைப்பு மணியை அழுத்தும் இளைஞரைப் பற்றியது. கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி, மயூர் விஹார் எனத் தமிழர்கள் செறிந்து வாழும் பகுதிகளிலிருந்தும் இத்தகைய இளைஞர்கள் வங்கிக் கிளைகளுக்கு வருகிறார்கள். கருவிகள் வாங்கக் கடன் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அவர்களுடன் சற்று நேரம் பேசினால், பணத்தட்டுப்பாட்டைக் காட்டிலும் வேறொரு குறை அவர்களை வாட்டுவது புலப்படும். "வேலை தெரியும் சார். ஆனால் தனியாகப் போனால் கை நடுங்குகிறது" என்பதே அக்குறை. அந்த நடுக்கத்தின் காரணம் யாது, அது நீங்கும் வழி யாது என்பதை நாம் இங்குச் சற்றே ஆராய்வோம்.

பட்டறையும் வீடும்

நம் நாட்டில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதன் கீழ் இயங்குபவையே ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள். தில்லியில் பூசா, நிஜாமுதீன் அருகிலுள்ள அரப் கி சராய் முதலிய இடங்களில் இவை உள்ளன. குளிர்பதனம், குளிரூட்டல் ஆகியவற்றுக்கான தொழிற்பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் இதில் சேரலாம். படிப்பு முடிந்தபின், 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையுடன் பழகுநராகப் பணிபுரியும் வாய்ப்பும் உண்டு.

இவ்வளவு பயின்றும் நடுக்கம் ஏன்? பட்டறைக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். பட்டறையில் பழுது ஆசிரியர் வைத்த பழுது. அதற்கு விடை உண்டென்பது மாணவனுக்குத் தெரியும். மேசை இடுப்பளவு உயரத்தில் இருக்கும். வெளிச்சம் போதியதாக இருக்கும். தவறினால் திருத்த ஒருவர் அருகில் நிற்பார். வீட்டிலோ கீசர் குளியலறையின் கூரையை ஒட்டித் தொங்கும். குளிரூட்டியின் வெளிப்பகுதி நான்காம் மாடிச் சுவரில், இரும்புத் தாங்கியின் மேல், எட்டாத இடத்தில் இருக்கும். பின்னால் வீட்டுக்காரர் கைகட்டி நின்று, "எவ்வளவு நேரம் ஆகும்? எவ்வளவு செலவாகும்? போன மாதம் வந்தவர் வேறு விதமாகச் சொன்னாரே!" என்று ஒரே மூச்சில் மூன்று வினாக்களைத் தொடுப்பார்.

வங்கிப் பணியில் இருப்பவர்களுக்கு இந்நிலையின் உட்பொருள் எளிதில் விளங்கும். எங்கள் பணியில் ஒருவர் எழுதிய கணக்கை மற்றொருவர் சரிபார்த்த பின்னரே அது நிறைவேறும். புதிதாகச் சேர்ந்த பணியாளரின் கைக்கும் வாடிக்கையாளரின் பணத்துக்கும் இடையில் எப்போதும் இரண்டாவது ஒரு கண் இருக்கிறது. பயமின்றி அவர் பணி பழகுவதற்கு அதுவே காரணம். தனியே ஒரு வீட்டுக்குள் நுழையும் இளம் மெக்கானிக்குக்கு அந்த இரண்டாவது கண் இல்லை. உஸ்தாத் என்று அவர் மரியாதையுடன் அழைக்கும் மூத்த தொழிலாளி வேறெங்கோ வேறொரு பணியில் இருப்பார். ஆகவே அவருக்கு வேண்டியது வீரவுரை அன்று, இரண்டாவது கண்தான். அதை அவர் தம் கைப்பையிலேயே எடுத்துச் செல்ல முடியும் என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

எண் தரும் உறுதி

முதற் கண், அளவீடு. "தண்ணீர் சரியாகச் சூடாவதில்லை" என்பது குளிர்காலத்தில் மிகுதியாகக் கேட்கப்படும் குறை. சூடு என்பது உணர்வு. உணர்வைப் பற்றி இருவர் நெடுநேரம் வாதிடலாம். எண்ணைப் பற்றி அவ்வாறு வாதிட இயலாது.

15 லிட்டர் கீசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் குழாய் நீர் 15 டிகிரியில் வருவதாகவும், 55 டிகிரிக்கு அதைச் சூடேற்ற வேண்டுமென்றும் வைத்துக்கொள்வோம். உயர்த்த வேண்டிய வெப்பநிலை 40 டிகிரி. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் தேவை. 15, 40, 4.2 ஆகியவற்றைப் பெருக்கினால் 2,520 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல் ஆகையால், இது 0.7 யூனிட். கீசரின் திறன் 2 கிலோவாட் எனில், நீர் சூடாக 21 நிமிடங்கள் ஆகும். கலனின் சுவர் வழியே வீணாகும் வெப்பத்துக்காக ஓரிரு நிமிடங்கள் கூட்டிக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் இதை ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பார்த்த இளைஞரின் நிலை வேறு. வீட்டுக்காரர் "அரை மணி நேரம் ஆகிறது" என்று குறைகூறும்போது, குறை மெய்யானதுதான் என்றும், அது எவ்வளவு என்றும் அவருக்குத் தெரியும். அடுத்து அவர் செய்ய வேண்டியது மின்னழுத்தத்தை அளப்பது. 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 வோல்ட்தான் வருகிறது என்றால், கீசரின் திறன் அந்த விகிதத்தின் வர்க்கமாகக் குறையும். அதாவது ஏறத்தாழ 61 விழுக்காடாகிவிடும். 21 நிமிட வேலைக்கு 34 நிமிடங்கள் ஆகும். பழுது கீசரில் இல்லை. வீட்டுக்கு வரும் மின்னிணைப்பிலோ, வீட்டினுள் உள்ள வயரிங்கிலோ இருக்கிறது. இதை அறியாத ஒருவர் நல்ல ஹீட்டிங் எலிமெண்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துவார். பணம் செலவாகும், நீர் முன்போலவே மெதுவாகச் சூடாகும், இளைஞரின் பெயரும் கெடும்.

மின்னழுத்தம் சரியாக இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு எலிமெண்ட்டின் மின்தடையை அளக்க வேண்டும். 230 வோல்ட்டில் 2 கிலோவாட் தரும் எலிமெண்ட்டின் தடை 26 ஓம் அளவில் இருக்கும். மீட்டர் அதைக் காட்டினால் எலிமெண்ட் அறுந்துபோகவில்லை. கவனத்தைத் தெர்மோஸ்டாட்டின் பக்கம் திருப்பலாம். மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் எலிமெண்ட் அறுந்துவிட்டது என்று ஐயமின்றிக் கூறலாம். ஐயமின்றி என்னும் அச்சொல்லைக் கவனியுங்கள். இளைஞரின் குரலில் உறுதி சேர்வது மீட்டரின் முள் நின்ற இடத்திலிருந்துதான்.

நிலத்தடி நீரைப் பயன்படுத்தும் பகுதிகளில் எலிமெண்ட்டின் மேல் வெண்ணிற உப்புப் படிவம் கெட்டியாகப் படியும். படிவத்தால் வெப்பம் நீருக்குள் எளிதாகச் செல்ல இயலாமல், எலிமெண்ட் தானே மிகுதியாகச் சூடாகி விரைவில் அறுந்துபோகும். இத்தகைய வீட்டில் எலிமெண்ட்டை மாற்றுவதோடு நில்லாமல், ஆண்டுக்கு ஒருமுறை படிவத்தை நீக்கச் சொல்வதும், கலனைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்துவிட்டதா என்று பார்ப்பதும் முறை. காரணத்தைச் சொல்லிப் பழுதைத் தீர்ப்பவரையே வீட்டுக்காரர் மறுமுறையும் அழைப்பார்.

வரிசை தரும் உறுதி

இரண்டாம் கண், வேலையின் வரிசை. மூத்த தொழிலாளர்களைக் கூர்ந்து கவனித்தால், அவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வரிசையில் வேலை செய்வதைக் காணலாம். தொடக்கத்தில் அது வெறும் பழக்கமாகத் தோன்றும். உண்மையில் அது உயிர்க்காப்பு.

நீரும் மின்சாரமும் ஒருங்கே இருக்கும் குளியலறையில் வரிசை தவறினால் மன்னிப்பு இல்லை. முதலில் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல், அதற்குரிய எம்.சி.பி.யையும் அணைக்க வேண்டும். பின்னர், மின்சாரம் உண்டென்று உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் மீட்டரைச் சோதித்து, அது சரியாக வேலை செய்வதை அறிந்துகொண்டு, அதன்பின் கீசரின் முனைகளில் மின்சாரம் இல்லை என்பதைப் பார்க்க வேண்டும். மீண்டும் ஒருமுறை முன்பு சோதித்த இடத்திலேயே மீட்டரைச் சோதிக்க வேண்டும். இடையில் மீட்டரே பழுதாகியிருந்தால் "மின்சாரம் இல்லை" என்ற அதன் வாக்கு பொய்யாகிவிடும் அல்லவா! மூன்று சோதனைகளுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது.

வேலை முடிந்தபின் பார்க்க வேண்டியவையும் வரிசையாக உண்டு. நில இணைப்பு உறுதியாக இருக்கிறதா? 2 கிலோவாட் கீசர் 8.7 ஆம்பியர் எடுக்கும். 3 கிலோவாட் எனில் 13 ஆம்பியர். அதற்கேற்ற 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் பொருத்தப்பட்டிருக்கிறதா? கசிவு மின்னோட்டத்தைக் கண்டு 30 மில்லி ஆம்பியரில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா? அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழுகிறதா? அழுத்தம் மிகுந்தால் திறந்துகொள்ளும் வால்வு அடைபட்டிருக்கிறதா? அடுக்குமாடி வீடுகளில், கலன் தாங்கும் அழுத்தம் எத்தனை பார் என்று அதன் தகட்டில் உள்ள எண்ணுக்கும் கட்டடத்தின் நீரழுத்தத்துக்கும் பொருத்தம் உண்டா?

இவற்றை ஓர் அட்டையில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்வதில் இழுக்கு ஏதுமில்லை. விமானியும் அறுவை மருத்துவரும் சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே பணிபுரிகிறார்கள். பட்டியலைப் பார்த்து வேலை செய்பவரைக் கண்டு, வேலை தெரியாதவர் என்று எண்ணும் வீட்டுக்காரர் மிகச் சிலரே. பெரும்பாலோர் மனத்தில் அது மதிப்பையே கூட்டும்.

எல்லை அறிதல்

மூன்றாவதாக வருவது, தம் எல்லையை அறிந்துவைப்பது. கேட்பதற்கு இது துணிவுக்கு நேர்மாறாகத் தோன்றலாம். ஆயினும் துணிவின் பெரும்பகுதி இதிலேயே அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்தில் எரிவாயுச் சாதனங்களில் பணிபுரிவோர் அனைவரும் கேஸ் சேஃப் என்னும் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். 2009ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று இப்பதிவேடு நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற ஒவ்வொருவரும் ஓர் அடையாள அட்டை வைத்திருப்பார். அதன் பின்புறத்தில் அவர் எந்தெந்த வகைச் சாதனங்களில் கைவைக்கத் தகுதி பெற்றவர் என்பது எழுதப்பட்டிருக்கும். ஆகவே அங்குப் புதிதாகத் தகுதி பெற்ற ஒருவர், "இது என் அட்டையில் இல்லை" என்று தலைநிமிர்ந்தே சொல்லலாம். ஜெர்மனியில் வீட்டு வெப்பமூட்டல், குழாய் அமைப்புத் தொழிலுக்கான பழகுநர் காலம் மூன்றரை ஆண்டுகள். மூத்தவரின் நிழலில் நின்று பழகுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட காலம் அது.

நம் இளைஞரிடம் அத்தகைய அட்டை இல்லாவிட்டாலும், மனத்துள் ஓர் அட்டையை அவர் எழுதிக்கொள்ளலாம். தில்லியின் குளிர்காலத்தில் இதன் தேவை பெரிது. காற்றோட்டமில்லாத குளியலறையில் பொருத்திய கேஸ் கீசரும், மூடிய அறையில் மூட்டிய அங்கீத்தி என்னும் கரியடுப்பும் உயிர்களைப் பறித்த செய்திகளை ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாளிதழ்களில் படிக்கிறோம். போதிய காற்றின்றி எரியும் தீயிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாமலே அது ஆளைச் சாய்த்துவிடும். "பழைய கேஸ் கீசரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டிவிடப்பா, நூறு இருநூறு கூடத் தருகிறேன்" என்று ஒருவர் வற்புறுத்தும்போது, "இல்லை ஐயா, குளியலறைக்குள் மாட்ட மாட்டேன். புகை வெளியே செல்லும் குழாயுடன், காற்றோட்டமான இடத்தில்தான் இதைப் பொருத்த வேண்டும்" என்று சொல்லும் இளைஞரே துணிவுள்ளவர். தில்லி வழக்கில் ஜுகாட் என்பார்களே, கிடைத்ததை வைத்து ஒப்பேற்றும் அந்தத் திறமை பல இடங்களில் பாராட்டுக்குரியது. எரிவாயுவிலும் மின்சாரத்திலும் அதற்கு இடமில்லை.

குளிரூட்டித் துறையிலும் எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய சாதனங்களில் இருந்த ஆர்-22 வாயு ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. அதன் இடத்தில் வந்த ஆர்-410ஏ, ஆர்-32 ஆகியவை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இயங்குபவை. ஆர்-32 மிதமாகத் தீப்பற்றும் தன்மையது. புரொப்பேன் ஆகிய ஆர்-290 எளிதில் தீப்பற்றக்கூடியது. பழைய வாயுவுக்கான கருவியையும் பழைய பழக்கத்தையும் புதிய சாதனத்தில் பயன்படுத்துவது ஆபத்து. கசிவைச் சோதிக்க நைட்ரஜனையே பயன்படுத்த வேண்டும். கம்ப்ரஸரின் எண்ணெயுடன் ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும்.

மாற்றம் இத்துடன் முடியவில்லை. புவி வெப்பமாதலைக் கூட்டும் வாயுக்களைக் குறைப்பதற்காக 2016ஆம் ஆண்டு உருவான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. அதன்படி 2032இல் தொடங்கி 2047க்குள் அவ்வாயுக்களின் பயன்பாட்டை 85 விழுக்காடு குறைக்க வேண்டும். இன்று இருபது வயதில் சான்றிதழ் பெறும் இளைஞர் தம் தொழில்வாழ்வின் நடுவயதை எட்டும்போது, இன்று கற்ற வாயுக்களில் பல வழக்கொழிந்திருக்கும். ஆதலின் "எல்லாம் எனக்குத் தெரியும்" என்னும் எண்ணத்தின் மேல் கட்டிய துணிவு நீடிக்காது. "தெரியாததைத் தெரிந்துகொள்ளும் வழி எனக்குத் தெரியும்" என்பதன் மேல் கட்டியதே நிலைக்கும். 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், இத்துறையின் பழுதுநீக்குநர் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சியும் சான்றும் அளிப்பதை இலக்குகளில் ஒன்றாக வைத்ததும் இக்காரணம் பற்றியே. தயாரிப்பு நிறுவனங்கள் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளையும் இளைஞர்கள் தவறவிடலாகாது.

"கேஸ் போட வேண்டும்"

துணிவின்மை ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. குளிரூட்டி சரியாகக் குளிர்விக்கவில்லை என்று அழைக்கும் வீட்டில், காரணம் புலப்படாத புதியவர் நாவில் முதலில் வரும் சொற்றொடர், "கேஸ் தீர்ந்துவிட்டது, போட வேண்டும்" என்பது. கேட்பவரும் நம்பிவிடுகிறார், ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்வதைப்போல என்று எண்ணிக்கொள்கிறார்.

உண்மை அதுவன்று. குளிரூட்டியின் வாயு மூடிய குழாய்ச் சுற்றில் சுழன்றுகொண்டே இருப்பது. அது எரிந்து தீர்வதில்லை. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவைக் கண்டு அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதை ஒக்கும். அதற்கும் முன்பு பார்க்க வேண்டியவை வேறு உண்டு. தில்லியின் புழுதி வடிகட்டியையும் வெளிப்பகுதியின் தகடுகளையும் அடைத்துவிடும். தூய நீரால் கழுவினாலே பல சாதனங்கள் பழைய குளிர்ச்சிக்குத் திரும்பும். கெபாசிட்டர் வலுவிழந்தாலும் கம்ப்ரஸரோ மின்விசிறியோ ஓடாது. மீட்டரில் அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். இவையெல்லாம் சரியாக இருந்து, அழுத்தமும் வெப்பநிலையும் குறைவைக் காட்டினால் மட்டுமே கசிவைத் தேட வேண்டும். அடைத்தபின் வாக்குவம் பம்பினால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் நீக்கி, சாதனத்தின் தகட்டில் எழுதிய எடைக்கு நிறுத்தே வாயுவை நிரப்ப வேண்டும்.

அச்சத்தால் சொல்லப்படும் ஒரு பொய், வீட்டுக்காரருக்குச் சில ஆயிரம் ரூபாய் இழப்பைத் தருகிறது. கசியும் வாயு காற்றைக் கெடுக்கிறது. அடுத்த கோடையில் அதே குறை மீண்டும் வரும்போது அந்த இளைஞரின் தொலைபேசி எண் அழிக்கப்படுகிறது. ஆக, துணிவின்மை என்பது அவர் மனத்தளவில் நின்றுவிடும் குறை அன்று. பிறர் பணத்துக்கும் தம் பிழைப்புக்கும் அது சேதம் விளைவிக்கிறது.

குறிப்பேடும் கடனேடும்

அளந்ததையும் செய்ததையும் எழுதிவைத்தால், அந்த ஏடே இளைஞரின் நிலையான இரண்டாவது கண்ணாகிவிடும். நாள், இடம், சாதனத்தின் வகை, வந்த குறை, அளந்த எண்கள், செய்த பணி, பெற்ற தொகை என ஏழு பத்திகள் போதும். மாலையில் உஸ்தாதிடம் காட்டிக் கேட்கலாம். ஐம்பது பணிகள் எழுதியபின் அதே ஏட்டைப் புரட்டினால், எந்தக் குறை அடிக்கடி வருகிறது, எதில் தாம் தடுமாறுகிறோம், எது இப்போது எளிதாகிவிட்டது என்பது தெளிவாகத் தெரியும். கை நடுக்கம் எந்த நாளில் நின்றது என்று யாரும் குறித்துவைப்பதில்லை. ஏடு அதைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த ஏட்டுக்கு வங்கியிலும் மதிப்பு உண்டு. பிரதமரின் முத்ரா திட்டம் 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதில் ஷிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும், தருண் பிரிவில் 10 லட்சம் வரையும் பிணையின்றிக் கடன் பெறலாம். தருண் கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 லட்சம் வரை அளிக்கும் பிரிவும் 2024இல் சேர்க்கப்பட்டது. மீட்டர், மானோமீட்டர் தொகுதி, வாக்குவம் பம்பு, எடை பார்க்கும் கருவி, ஏணி, பாதுகாப்புப் பட்டை ஆகியவற்றை வாங்கத் தொடங்கும் ஒருவருக்கு முதல் பிரிவோ இரண்டாம் பிரிவின் தொடக்கமோ போதுமானதாக இருக்கும். தேவைக்கு மேல் கடன் வாங்குவதைக் காட்டிலும், சிறிதாக வாங்கி முடித்துப் பெரிதாக வாங்குவதே நலம்.

பிணை இல்லாத கடனில் வங்கி எதைப் பார்க்கும்? வருமானம் வந்து போகும் தடத்தையும், தொழிலை நடத்தும் முறையையும் பார்க்கும். கூலியைக் கணக்கில் யு.பி.ஐ. வழியே பெறுபவருக்கு அத்தடம் தானாகவே உருவாகிறது. உத்யம் பதிவு 2020ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதற்குக் கட்டணம் ஏதுமில்லை. குறிப்பேட்டையும் உடன் கொண்டுவந்து, "சென்ற ஆறு மாதங்களில் இத்தனை பணிகள் செய்தேன், இவற்றில் இத்தனை வீடுகளில் மறுமுறையும் அழைத்தார்கள்" என்று சொல்லும் இளைஞரிடம் அலுவலர் கேட்க வேண்டிய வினாக்கள் மிகக் குறைவு.

இன்னும் இரண்டு செய்திகள். இத்தொழிலின் வருமானம் பருவத்தைச் சார்ந்தது. கோடையின் நெருக்கத்திலும் குளிரின் நெருக்கத்திலும் கை நிறையும். பிப்ரவரி, மார்ச்சிலும் அக்டோபரிலும் தொலைபேசி மௌனமாகும். நெருக்க மாதங்களின் வருமானத்திலிருந்து ஒரு பகுதியைத் தொடர் வைப்புக் கணக்கில் ஒதுக்கினால், மந்த மாதங்களில் தவணை தவறாது. பிழைப்புக்காகத் தகாத வேலையை ஒப்புக்கொள்ளும் நிலையும் வராது. அடுத்தது, காப்பீடு. மாடிச் சுவரில் நின்று பணிபுரிபவருக்கு விபத்து எட்டாத தொலைவில் இல்லை. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் சந்தாவில் 2 லட்சம் ரூபாய்க்கான விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. 18 முதல் 70 வயது வரையுள்ள வங்கிக் கணக்குதாரர் எவரும் சேரலாம். பாதுகாப்புப் பட்டைக்கு இது மாற்று அன்று. பட்டையுடன் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியது.

வீட்டுக்காரரின் பங்கு

இதுவரை சொன்னவை இளைஞருக்கு. வீட்டில் இருந்தபடி இவ்விதழைப் படிக்கும் வாடிக்கையாளர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு.

புதியவர் வந்தால் அளப்பதற்கு நேரம் கொடுப்போம். முதல் பத்து நிமிடங்கள் அவர் எதையும் கழற்றாமல் அளந்துகொண்டிருந்தால், வேலையைத் தொடங்கவில்லை என்று எண்ண வேண்டாம், வேலை தொடங்கிவிட்டது. "மீட்டர் என்ன காட்டுகிறது தம்பி?" என்று கேட்போம். வினவுவதால் அவர் மதிப்பு குறையாது. விடை சொல்வதால் அவர் உறுதி கூடும். அளவுகளை ரசீதின் பின்புறம் எழுதித் தரச் சொல்வோம்; அடுத்த ஆண்டு வருபவருக்கு அது வழிகாட்டும். "இது எனக்குப் புதிது, மூத்தவரைக் கேட்டுவிட்டு நாளை வருகிறேன்" என்று அவர் சொன்னால், அதை நேர்மையின் அடையாளமாகக் கொண்டு, வந்துபோனதற்கான கூலியை மனமுவந்து தருவோம். ஆபத்தான குறுக்குவழியைக் கேட்காதிருப்போம். நாம் கேட்காவிட்டால், பல இளைஞர்கள் அதைச் செய்யவே மாட்டார்கள்.

தமிழில் நம்பிக்கை என்னும் ஒரே சொல், ஒருவர் தம்மீது வைப்பதையும் பிறர் அவர்மீது வைப்பதையும் சேர்த்தே குறிக்கிறது. இத்தொழிலில் இவ்விரண்டும் பிரிந்து வளர்வதில்லை. வீட்டுக்காரர் நம்பி நேரம் கொடுத்தால் இளைஞரின் கை நிலைபெறுகிறது. கை நிலைபெற்றவரின் பணி மேலும் ஒருவரை நம்பச் செய்கிறது. வங்கிக் கடனும் அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது.

திருக்குறளில் வினைத்தூய்மை என்னும் அதிகாரத்துக்கு அடுத்ததாகவே வினைத்திட்பம் வைக்கப்பட்டிருக்கிறது. வினை செய்யும் வகை அதற்கும் பின்னரே வருகிறது. செயல் தூயதாக இருந்தால் உறுதி பின்தொடரும் என்று அந்த வரிசைக்கு நாம் பொருள் கொள்ளலாம். பயிற்சி நிலையத்திலிருந்து வெளியேறும் இளைஞர் முதலில் தேட வேண்டியது எதை என்பதற்கு அதில் விடை இருக்கிறது.

குளிர் தொடங்குமுன், அக்டோபரிலேயே கீசரைச் சோதித்துவிடுவது நம் எல்லோருக்கும் நல்லது. இளைஞர்களுக்கு வேலை குறைந்த மாதம் அது. நெருக்கடி இல்லாமையால் நிதானமாக அளந்து பார்க்கவும் அவர்களுக்கு நேரம் இருக்கும்.